பிப் விண்ணப்பத்துக்கும் தொலைபேசி மதிப்பீட்டுக்கும் உதவும் ஓர் இலவச ஆலோசனை நிலையம்: என் மதிப்புரை

பிப் என்பது நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்குப் பிரித்தானிய அரசு தரும் கொடுப்பனவு. அதற்கு விண்ணப்பித்தவரிடம் தொலைபேசியில் கேள்வி கேட்டு நிலையை அறிவதே தொலைபேசி மதிப்பீடு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவற்றுக்கு உதவ எங்கள் பகுதியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் இந்த ஆலோசனை நிலையத்துக்குத் தயங்காமல் போகலாம். படிவம் நிரப்புவதற்கு அவர்கள் தரும் உதவி, காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத தரத்தில் இருக்கிறது. தொலைபேசி மதிப்பீட்டுக்கு அவர்கள் தரும் பயிற்சியும் பெரும்பகுதி அப்படித்தான். ஆனால் நடமாட்டம் பற்றிய கேள்விகளுக்கு அவர்கள் ஒதுக்கும் நேரம் போதாது, அதன் விளைவை நான் இப்போது அனுபவிக்கிறேன். நிலையத்தின் பெயரை நான் எழுதவில்லை. குறையையும் சேர்த்து எழுதுவதும், அங்கே வேலை செய்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள் என்பதும் அதற்குக் காரணம். இதுபோன்ற நிலையங்கள் இங்கிலாந்தின் பல நகரங்களில் இருப்பதால், எங்கே போனாலும் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதற்கு இந்த மதிப்புரை பயன்படும் என்று நம்புகிறேன்.

எனக்கு முடக்குவாதம். இரண்டு மணிக்கட்டுகள், விரல் மூட்டுகள், முழங்கால்கள் ஆகியவற்றில் ஆறு வருடங்களாக இருக்கிறது. பராமரிப்பு இல்லத்தில் பார்த்து வந்த வேலையைச் சென்ற வருடம் விட்ட பிறகுதான், பிப் என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் பர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமென்ட் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். 2013 ஏப்ரலில், முன்பிருந்த டிஸ்எபிலிட்டி லிவிங் அலவன்ஸுக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட கொடுப்பனவு இது. வேலை செய்கிறவர்களும் இதைப் பெறலாம், வருமானமோ சேமிப்போ கணக்கில் எடுக்கப்படுவதில்லை, வரியும் இல்லை. 16 வயது முதல் அரச ஓய்வூதிய வயதை எட்டும் வரை புதிதாக விண்ணப்பிக்கலாம். ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு இதற்குப் பதிலாக அடல்ட் டிஸ்எபிலிட்டி பேமென்ட் என்ற தனித் திட்டம் இருக்கிறது. நோயின் பெயரை வைத்து மட்டும் இக்கொடுப்பனவு தரப்படுவதில்லை என்பதையும், அந்த நோய் அன்றாட வாழ்வில் எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்பதற்கே புள்ளி தரப்படுகிறது என்பதையும் நிலையத்துக்குப் போன பிறகுதான் நான் சரியாக விளங்கிக்கொண்டேன்.

நிலையத்தின் தொலைபேசி இணைப்பைப் பிடிப்பது கடினம். மூன்று நாட்கள் முயன்று, நான்காம் நாள் காலை கதவு திறக்கும் நேரத்துக்கு நேரில் போய்த்தான் பேச முடிந்தது. வரவேற்பில் இருந்தவர், ஆலோசகரைப் பார்க்க மூன்று வாரம் ஆகும் என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. "அதுவரை காத்திருக்காமல் பிப் வழங்கும் அரசுத் துறைக்கு இன்றைக்கே அழைப்பு எடுத்து விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள்" என்றார். கொடுப்பனவு கிடைத்தால் அது பொதுவாக அந்த முதல் அழைப்பின் திகதியிலிருந்தே கணக்கிடப்படும் என்பதால், இந்த ஒரு வார்த்தை எனக்கு மூன்று வாரப் பணத்தைக் காப்பாற்றித் தந்தது. அதேவேளை, வீட்டுக்கு வரும் படிவத்தைத் திருப்பி அனுப்ப ஒரு மாதமே தரப்படுகிறது. அந்த மாதத்தில் பெரும்பகுதி ஆலோசகருக்காகக் காத்திருப்பதிலேயே போய்விட்டது. தகுந்த காரணம் இருந்தால் துறைக்கு அழைத்து அவகாசம் கேட்கலாம் என்பதை அப்போதே எனக்குச் சொல்லியிருந்தால், நான் பல இரவுகள் நித்திரையில்லாமல் கிடந்திருக்க மாட்டேன்.

ஆலோசகர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர், யாழ்ப்பாணப் பின்னணி கொண்ட தமிழ்ப் பெண். அவரோடு இரண்டரை மணி நேரம் இருந்தேன். அந்த இரண்டரை மணி நேரத்துக்காகவே இந்த நிலையத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

பிப் மதிப்பீட்டில் மொத்தம் பன்னிரண்டு செயல்கள் பார்க்கப்படுகின்றன. உணவு தயாரித்தல், உண்ணுதல், மருந்தையும் சிகிச்சையையும் கவனித்துக்கொள்ளுதல், குளித்தல், மலசலகூடம் பாவித்தல், உடுத்தல், பேசுதல், வாசித்தல், பிறரோடு பழகுதல், பணக் கணக்குப் பார்த்தல் என்ற பத்தும் அன்றாட வாழ்வுப் பகுதியைச் சேர்ந்தவை. வழி திட்டமிட்டுப் போதல், நடத்தல் என்ற இரண்டும் நடமாட்டப் பகுதியைச் சேர்ந்தவை. ஒவ்வொரு பகுதியிலும் 8 புள்ளி கிடைத்தால் சாதாரணத் தொகை, 12 கிடைத்தால் கூடிய தொகை. 2025-26 நிதியாண்டில் அன்றாட வாழ்வுப் பகுதிக்கு வாரம் 73.90 அல்லது 110.40 பவுண், நடமாட்டப் பகுதிக்கு 29.20 அல்லது 77.05 பவுண் என்று இருந்தது. இதையெல்லாம் அவர் ஒரு தாளில் எழுதி என் முன்னால் வைத்துவிட்டு, முதல் செயலிலிருந்து கேட்கத் தொடங்கினார்.

"சமையல் எப்படி அக்கா?" என்றார். "சமாளிக்கிறேன் பிள்ளை" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்தச் சொல்லை எழுதினால் உங்களுக்குப் புள்ளி இல்லை அக்கா. எப்படிச் சமாளிக்கிறீங்கள் என்று சொல்லுங்கோ" என்றவர், அறையின் மூலையில் இருந்த கேத்தலைக் காட்டி, வீட்டில் தேநீர் போடுவது போலச் செய்துகாட்டச் சொன்னார். நான் எழுந்து போய் ஒரு கோப்பை அளவுக்கு மட்டும் தண்ணீர் பிடித்தேன். ஏன் அவ்வளவுதான் என்று கேட்டார். அதற்கு மேல் நிரப்பினால் தூக்க முடியாது என்றேன். கேத்தலின் பிடியை விரல்களால் பிடிக்காமல், வலது முன்கையைப் பிடிக்குள் நுழைத்து, இடது உள்ளங்கையை அடியில் துணியோடு கொடுத்துத்தான் நான் ஊற்றுவேன். ஊற்றும்போது கொஞ்சம் மேசையில் சிந்தியது. அந்தத் துணி எதற்கு, இதற்கு முன் கை சுட்டிருக்கிறதா, எத்தனை தடவை, தழும்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். ஆறு வருடமாக நான் ஒவ்வொரு காலையும் செய்துவந்த ஒன்றை வேறொருவர் இவ்வளவு கவனமாகப் பார்த்தது அதுவே முதல் தடவை. என் குடும்பத்தில் யாரும் பார்க்கவில்லை என்று குறை சொல்ல மாட்டேன்; அவர்கள் பார்க்காதபடி செய்து பழகியவள் நான்தான்.

அதன் பிறகுதான் சட்டத்தில் இருக்கும் நான்கு அளவுகோல்களை விளக்கினார். ஒரு செயலை நீங்கள் செய்கிறீர்களா என்பது மட்டும் கேள்வி அல்ல. அதை ஆபத்தில்லாமல் செய்ய முடிகிறதா, ஏற்கத்தக்க தரத்தில் செய்ய முடிகிறதா, தேவையான அளவு திரும்பத் திரும்பச் செய்ய முடிகிறதா, நோயில்லாத ஒருவருக்கு வழக்கமாகப் பிடிக்கும் அதிகபட்ச நேரத்தின் இரண்டு மடங்குக்கு மேற்படாமல் செய்ய முடிகிறதா என்பவையும் சேர்ந்தே பார்க்கப்பட வேண்டும். இந்த நான்கில் ஒன்று இல்லையென்றாலும், அந்தச் செயலை நீங்கள் செய்ய முடியாதவராகவே கருதப்பட வேண்டும். அதோடு, பாதிக்கு மேற்பட்ட நாட்களில் உங்கள் நிலை எப்படியோ அதுவே கணக்கு. நல்ல நாளை மட்டும் சொல்வதும் தவறு, மோசமான நாளை மட்டும் சொல்வதும் தவறு. இரண்டு வாரத்துக்கு ஒரு கொப்பியில் நாள்தோறும் எழுதிவரச் சொன்னார். எழுதிப் பார்த்தபோது பதினான்கு நாட்களில் பத்து நாட்கள் காலையில் விரல் மடங்காமல் இருந்தது எனக்கே தெரியவந்தது; யாராவது கேட்டிருந்தால் "இடைக்கிடை" என்றுதான் நான் சொல்லியிருப்பேன்.

உணவு தயாரித்தல் என்ற கேள்வியில் எங்கள் பெண்கள் பலர் தடுமாறுவதாக அவர் சொன்னது உண்மை. வீட்டில் ஐந்து பேருக்குச் சோறும் மூன்று கறியும் வைக்க முடியுமா என்று படிவத்தில் கேட்பதில்லை. ஒரு ஆளுக்கு, பச்சைக் காய்கறி போன்ற புதிய பொருட்களைக் கொண்டு, ஒரேயொரு எளிய உணவைச் சமைக்க முடியுமா என்பதே கேள்வி. வெங்காயம் உரிப்பது, வெட்டுவது, தகரம் திறப்பது, சூடான சட்டியைக் கையாள்வது எல்லாம் அதற்குள் வரும். மகள் வெட்டித் தந்த மரக்கறியை நான் கிளறுவதை "சமைக்கிறேன்" என்று சொன்னால், மகளின் உதவி கணக்கிலிருந்தே மறைந்துவிடும். போத்தல் திறக்கும் கருவி, உயர்த்திய மலசலகூட இருக்கை போன்றவை தேவைப்படுவதற்கும் புள்ளி உண்டு. அவற்றை வாங்கிவிட்டதால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்து எழுதாமல் விடுகிறவர்கள் பலராம். நானும் விட்டிருப்பேன்.

படிவத்தோடு மருத்துவமனை வாத நோய்ப் பிரிவின் கடிதங்கள், மருந்துப் பட்டியல், தொழில்வழிச் சிகிச்சையாளர் எழுதிய அறிக்கை ஆகியவற்றின் பிரதிகளை அனுப்பினோம். மூலப் பத்திரங்களை அனுப்பக் கூடாது. நிரப்பிய படிவம் முழுவதையும் பிரதி எடுத்து என்னிடம் தந்தார்கள். ஆலோசகர் கிடைக்காதவர்களுக்கு, இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் இணையத்தளத்திலும் படிவத்தின் கேள்விகளுக்கான விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பிள்ளைகளை வைத்து வாசிக்கலாம்.

தொலைபேசி மதிப்பீட்டுக்கான திகதி வந்ததும் மறுபடி நிலையத்துக்குப் போனேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் நேர்முக மதிப்பீடுகள் நிறுத்தப்பட்டபோது தொலைபேசி வழி பரவலானது. இன்றும் பலருக்கு அப்படியே நடக்கிறது. இதற்கு நிலையம் ஒரு மாதிரி அழைப்பு நடத்துகிறது. ஆலோசகர் அடுத்த அறையிலிருந்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்க, அங்கே தொண்டு செய்யும் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தமிழில் மொழிபெயர்க்க, நான் பதில் சொல்ல வேண்டும்.

முதல் கேள்வி, இன்று எப்படி இருக்கிறீர்கள் என்பது. நான் யோசிக்காமலே "நல்ல சுகம்" என்றேன். அழைப்பை அங்கேயே நிறுத்தி, ஆலோசகர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மதிப்பீடு செய்பவர் வணக்கம் சொன்ன நேரத்திலிருந்தே குறிப்பெடுப்பார் என்றும், முகம் தெரியாததால் நான் வாயால் சொல்வதும் என் குரலில் கேட்பதும் மட்டுமே அவருக்குக் கிடைக்கும் என்றும் விளக்கினார். நேரில் என்றால் என் விரல்கள் வளைந்திருப்பதை அவர் பார்ப்பார். தொலைபேசியில் அந்த விரல்களை நான் சொற்களால் காட்ட வேண்டும்.

அந்தச் சொற்களில்தான் பெரிய சிக்கல் வந்தது. "மணிக்கட்டு உளையுது, விடிய விறைச்சுப் போய்க் கிடக்கும், பிறகு குத்தும்" என்றேன். மாணவர் சற்று நின்று, "உளையுது என்றால் என்ன அன்ரி?" என்று கேட்டார். பிறகு மூன்றையும் சேர்த்துப் "பெயின்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அவர் மேல் பிழையில்லை, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. ஆனால் உளைவு இரவு முழுவதும் நித்திரையைக் கெடுப்பது, விறைப்பு காலையில் இரண்டு மணி நேரம் விரலை மடக்கவிடாதது, குத்து பாரம் தூக்கும் கணத்தில் பொருளைக் கைவிடச் செய்வது. மூன்றும் வேறு வேறு செயல்களைத் தடுக்கின்றன. இதைக் கேட்ட ஆலோசகர், என் சொற்களை ஒரு பக்கமும் அவற்றுக்குரிய ஆங்கில விளக்கத்தை மறுபக்கமும் எழுதி ஒரு பட்டியல் செய்து தந்தார். அழைப்பின்போது மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சொல் விளங்காவிட்டால், அதன் விளைவைச் சொல்லுமாறு பழக்கினார்: "உளையுது" என்று நிறுத்தாமல், "இரவு மூன்று தடவை எழும்பிக் கையைச் சுடுநீரில் வைக்கிறேன்" என்று. வேறெந்த வழிகாட்டியிலும் நான் காணாத உதவி இது.

மற்ற ஆயத்தங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளர் இலவசம், ஆனால் முன்கூட்டியே கேட்க வேண்டும். அழைப்பைப் பதிவு செய்யவும் முன்கூட்டியே கேட்கலாம். உங்கள் பக்கத்தில் ஒருவர் இருக்கலாம், அவர் பேசவும் செய்யலாம். அழைப்பின் தொடக்கத்தில் அவர் யாரென்று சொல்லிவிட வேண்டும். படிவத்தின் பிரதியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். தொலைபேசியைக் கையில் பிடிக்காமல் மேசையில் வைத்து ஒலிபெருக்கியில் போட வேண்டும். என்னைப் போன்றவர்கள் அதற்கான காரணத்தையும் சொல்லிவிடுவது நல்லது. களைத்தால் இடைவேளை கேட்கலாம்.

அழைப்பு ஒரு மணி பத்து நிமிடம் நீடித்தது. பேசியவர் ஒரு தாதி, பண்பாகவே பேசினார். மொழிபெயர்ப்பாளர் தமிழகத் தமிழ் பேசினார். "கேத்தல்" என்றதும் ஒருமுறை திரும்பக் கேட்டார், "உளைவு" என்றதும் கேட்டார், பட்டியல் கைகொடுத்தது. எப்படி இருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, "விடியற்காலை நான்கு மணியிலிருந்து கை விறைத்திருக்கிறது, மகள்தான் இன்று உடுத்திவிட்டாள்" என்றேன். சமையல், குளியல், உடுப்பு என்று நாங்கள் பழகிய எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னேன்.

நடப்பது பற்றிய கேள்வி கடைசியில், நான் நன்றாகக் களைத்த பிறகு வந்தது. எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்றார். "பஸ் தரிப்பிடம் வரை நடந்து போவேன்" என்றேன். எவ்வளவு நேரம் என்றார். "ஐந்து நிமிடம் போல" என்றேன். அவ்வளவுதான். முப்பத்தைந்து மீற்றரில் முதல் வீட்டின் மதிலில் குந்துவேன் என்பதையும், அதன் பிறகு இன்னும் இரண்டு தடவை நிற்பேன் என்பதையும், போய்வந்தால் அன்று முழுவதும் மாடிப்படி ஏற முடியாது என்பதையும், மணிக்கட்டு தாங்காததால் கைத்தடிகூட ஊன்ற முடியாது என்பதையும் நான் சொல்லவில்லை. மாதிரி அழைப்பில் சமையலுக்கும் குளியலுக்கும் முக்கால் மணி நேரம் கொடுத்த ஆலோசகர், அடுத்தவர் காத்திருந்ததால் நடமாட்டத்தை ஐந்து நிமிடத்தில் முடித்திருந்தார். 20, 50, 200 மீற்றர் என்ற எல்லைகளே அங்கே புள்ளியைத் தீர்மானிக்கின்றன என்பதையும், தூரத்தைச் சொல்லத் தெரியாவிட்டால் முதலில் எங்கே நிற்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும் என்பதையும் எனக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை. மேலே சொன்ன குறை இதுதான். இதை நான் சிறிதாக எண்ணவில்லை, ஏனென்றால் எனக்கு வீட்டை விட்டு வெளியே போவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தேவை.

ஏழு வாரம் கழித்து முடிவு வந்தது. அன்றாட வாழ்வில் 10 புள்ளி: உணவுக்கு 4, குளியல், மலசலகூடம், உடுத்தல் ஆகியவற்றுக்குத் தலா 2. சாதாரணத் தொகை கிடைத்தது. 2025-26 தொகைப்படி அது நான்கு வாரத்துக்கு ஒருமுறை 295.60 பவுண். நடமாட்டத்தில் 4 புள்ளி மட்டுமே, அதனால் அந்தப் பகுதிக்கு ஒன்றும் இல்லை. மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கினோம். நான் சொன்ன பஸ் தரிப்பிடமும் ஐந்து நிமிடமும் அதில் அப்படியே இருந்தன.

முடிவுக் கடிதத்தின் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மீள்பரிசீலனை கேட்கலாம். நிலையம் இம்முறை என்னைக் காக்க வைக்கவில்லை. இரண்டே நாளில் நேரம் தந்தார்கள். மீள்பரிசீலனையில் முழு முடிவையும் திரும்பப் பார்ப்பார்கள், ஏற்கெனவே கிடைத்தது குறையவும் கூடும் என்பதை ஆலோசகர் மறைக்காமல் சொல்லி, யோசித்து முடிவெடுக்க ஒரு வாரம் தந்தார். அங்கும் மறுத்தால், கட்டணமில்லாத தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றார். அந்த நேர்மைக்காகவே நான் அவரை நம்பித் தொடர்ந்தேன். மகன் வாசலிலிருந்து மதில் வரையும், மதிலிலிருந்து தரிப்பிடம் வரையும் அளவுநாடா பிடித்து அளந்தான்: முதல் நிறுத்தம் 35 மீற்றர், மொத்தம் 140. மூன்று மதில்களையும் படம் எடுத்து, எங்கே எவ்வளவு நேரம் இருக்கிறேன் என்று எழுதிக் கடிதத்தோடு இணைத்தோம்.

போகிறவர்களுக்கு என் ஆலோசனை: அரசுத் துறைக்கு முதல் அழைப்பை எடுக்கும் அன்றே இந்த மாதிரி நிலையத்திலும் நேரம் கேட்டுவிடுங்கள். மாதிரி அழைப்பில் நடப்பது பற்றிய கேள்விகளையும் முழுமையாகக் கேட்டுப் பழக்கும்படி நீங்களே வற்புறுத்துங்கள், முடிந்தால் அதிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ச் சொற்களைப் பட்டியலாக எழுதிக் கொண்டு போங்கள்.

மீள்பரிசீலனைக் கடிதத்தைச் சென்ற செவ்வாய்க்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பினோம். அன்று ஆலோசகரிடம் நடமாட்டப் பயிற்சி குறைந்துபோனதை நேரடியாகவே சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மாதிரி அழைப்புக்கான கேள்வித்தாளை எடுத்து, கடைசிப் பக்கத்தில் இருந்த நடப்பது பற்றிய கேள்விகளை முதல் பக்கத்துக்கு மாற்றி வைத்தார். அடுத்த நேரத்துக்கு வெளியே ஒரு ஐயா காத்திருந்தார். அவரிடம் முதலில் கேட்கப்போவது அதுதான் என்றார்.